குண்டு ஏன் குறி தவறுது? விடை சொன்னவர் உயிர்விட்டது நம்ம கடலூரில்!

ரைபிள் தோட்டாவைக் கையால் தயாரிப்பவர்கள், ஒவ்வொன்றுக்கும் வெடிமருந்தை அளந்தே நிரப்புவார்கள். மருந்தின் அளவு மாறினால் குண்டின் வேகம் மாறும், விழும் இடமும் மாறும். அந்த வேகத்தை அளக்க வழி காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ்.

யார் இவர்?
1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கணித மேதை. பீரங்கிக் கலை பற்றி 1742-ல் அவர் எழுதிய புத்தகத்தை ஆய்லரே ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

என்ன செய்தார்?
கனமான ஊசலைத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். ஊசல் எவ்வளவு ஆடுதோ, அதை வைத்து வேகத்தைக் கணக்கிட்டார். காற்றுத் தடை பெரிசா ஒண்ணுமில்லை என்ற அன்றைய நம்பிக்கை உடைந்தது. சாதாரணக் குழலில் உரசிக் கண்டபடி சுழலும் உருண்டைக் குண்டு வளைந்து போகும்; ரைபிளின் திருகு வரிகள் அந்தச் சுழற்சியை ஒழுங்காக்கும் என்றும் விளக்கினார்.

இங்கே ஏன் வந்தார்?
சென்னைக் கோட்டையையும் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையையும் பலப்படுத்த கிழக்கிந்திய கம்பெனி அனுப்பியது. 1750-ல் வந்தவர், காய்ச்சலில் விழுந்து 1751 ஜூலை 29-ல் கடலூர் கோட்டையிலேயே இறந்தார். வயது 44தான்.

பின்னாளில் ஆதம்பாக்கத்தை ஒட்டிய பரங்கிமலை, மெட்ராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடமானது. பீரங்கிக் கணக்குக்கு அடித்தளம் போட்டவரோ அதைப் பார்க்கவே இல்லை.