சத்தமும் சங்கீதம்தான்!

ரேடியோவில் ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் முள் நிற்கும்போது கொர்ரென்று ஓர் இரைச்சல் வருமே, அதை நாம் என்ன செய்வோம்? சட்டென்று திருப்பிவிடுவோம். அந்த இரைச்சலையும் மேடை ஏற்றிய ஒரு மனிதர் இருந்தார். அவர்தான் ஜான் கேஜ்.

1912 செப்டம்பர் 5-ம் தேதி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். அப்பா ஒரு கண்டுபிடிப்பாளர். பெட்ரோலில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல்கூடக் கட்டிப் பார்த்தவர். பிள்ளையோ கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, ஷோன்பெர்க் என்ற இசை மேதையிடம் போனார். கையில் காசில்லை. வாழ்நாள் முழுவதும் இசைக்கே என்று வாக்குக் கொடுத்ததும் ஃபீஸ் வாங்காமலே பாடம் நடந்தது. ஆனால் ஹார்மனி இவருக்கு வராது, அது சுவர் மாதிரி குறுக்கே நிற்கும் என்று குருவே சொல்லிவிட்டார். சரி, அந்தச் சுவரிலேயே முட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பினார் சிஷ்யர்!

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். உனக்கெல்லாம் இது எதுக்கு என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். அதனால் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஹார்மனி வராதவருக்குச் சத்தம் கைகொடுத்தது. 1939-ல் மோட்டார் வண்டி பிரேக் டிரம்களைத் தட்டி இசை அமைத்தார். அதே ஆண்டு சியாட்டில் நகரில், சோதனைக்கான ஒலித்தட்டுகளை வேகம் மாற்றி ஓட்டினார். நம் பாஷையில் சொன்னால், 78 சுற்றில் 1000 ஹெர்ட்ஸ் தரும் தட்டு 33⅓ சுற்றில் ஏறக்குறைய 427 ஹெர்ட்ஸ்தான் தரும். அந்த ஏற்ற இறக்கமே ராகமாயிற்று! பியானோ கம்பிகளுக்கு நடுவே போல்ட்டும் ஸ்குரூவும் செருகி, ஒரே பியானோவை ஒரு மேளக் கச்சேரியாகவே மாற்றினார். 1946-ல் நியூயார்க் வந்த நம் நாட்டு கீதா சாராபாயிடம் இந்திய இசையும் கற்றார்.

1951 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகம். மேடையில் 12 ரேடியோக்கள், 24 பேர். ஒரு ரேடியோவுக்கு இரண்டு பேர்: ஒருவர் டியூனிங், இன்னொருவர் வால்யூம். ஸ்வரம் இருக்க வேண்டிய இடத்தில் கிலோசைக்கிள் எண்கள்! எந்த ஊரில், எந்த நேரத்தில் வாசித்தாலும் வேறு வேறாகத்தான் வரும். அன்று முறை வந்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. பல ஸ்டேஷன்கள் மூடிவிட்டன. வந்தது பெரும்பாலும் மெல்லிய இரைச்சல்தான். பலர் தோல்வி என்றார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை.

1960-ல் அமெரிக்க டி.வி.யில் குளியல் தொட்டி, பிரஷர் குக்கர், மிக்ஸி, ஐஸ் கட்டி, ஐந்து ரேடியோ எல்லாம் வைத்து வாசித்தார். ரேடியோவுக்கு பிளக் மாட்டுவது யார் வேலை என்று தொழிற்சங்கங்களுக்குள் தகராறு. கடைசிவரை கரண்ட் வரவில்லை. மனிதர் அசரவில்லை. ஆன் செய்ய வேண்டிய இடத்தில் ஒரு தட்டு, ஆஃப் செய்ய வேண்டிய இடத்தில் மேஜையிலிருந்து கீழே ஒரு தள்ளு! ஜனங்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வாசித்து முடித்தார்.

1992 ஆகஸ்ட் 12-ல் மறைந்தார். ஆனால் கச்சேரி முடியவில்லை! ஜெர்மனியின் ஹால்பெர்ஸ்டாட் தேவாலயத்தில் அவருடைய ஓர் ஆர்கன் இசையை 2001-ல் தொடங்கினார்கள். அது முடிவது 2640-ல்!

நண்பர்களே, நம் ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓடும் சத்தம், லேபில் சிக்னல் ஜெனரேட்டர் போடும் கூச்சல், வீட்டில் அம்மாவின் தையல் மிஷின் சத்தம் எல்லாம் வேலையின் சத்தம். நாளைக்கு ஒரு தடவை நின்று கேட்டுப் பாருங்கள். கேட்கத் தெரிந்தவனுக்கு வீணான சத்தம் என்று ஒன்று கிடையாது. வராது என்று ஒதுக்கப்பட்ட ஆளும் கிடையாது!

– மூன்றாம் ஆண்டு, இ.சி.இ.