ஜான் பிரிட்டன்

ஜான் பிரிட்டன் (ஆகஸ்ட் 1, 1950 - செப்டம்பர் 5, 1995) நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த பொறியாளரும் பந்தய மோட்டார் சைக்கிள் வடிவமைப்பாளரும் ஆவார். பெரிய தொழிற்சாலை எதன் துணையும் இன்றி, சில நண்பர்களின் உதவியுடன் இவர் உருவாக்கிய பிரிட்டன் வி1000 என்னும் வண்டி, உலகின் முன்னணி நிறுவனங்களின் வண்டிகளைப் பந்தயங்களில் வென்றது. சக்கரங்களையும் உடற்பகுதிகளையும் கார்பன் இழையால் செய்து எடையைக் குறைத்ததற்காக இவ்வண்டி சிறப்பாகக் குறிப்பிடப்படுகிறது.

இளமையும் கல்வியும்

பிரிட்டன் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் பிறந்தார். எழுத்துகளைப் படிப்பதில் இடர்ப்பாடு தரும் டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு இவருக்கு இருந்தது. எனினும் பகலில் பயிற்சிப் பணியாளராக வேலை செய்துகொண்டு, இரவு வகுப்புகளில் நான்கு ஆண்டுகள் பயின்று இயந்திரப் பொறியியலில் சான்றிதழ் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று நெடுஞ்சாலை வடிவமைப்புப் பணியில் ஈடுபட்டார். நாடு திரும்பியபின் கனரக இயந்திரங்களை வடிவமைத்தார். கண்ணாடி விளக்குகள் செய்து விற்றார். குடும்பத்தின் கட்டட, நிலத் தொழிலிலும் பங்கேற்றார். பழைய குதிரை லாயம் ஒன்றைத் தம் கைகளாலேயே வீடாக மாற்றி அமைத்தார்.

வண்டி உருவான விதம்

1980களில் நண்பர் ஒருவருடன் சேர்ந்து பந்தய மோட்டார் சைக்கிள்களைக் கட்டத் தொடங்கினார். முதலில் பிறர் செய்த எஞ்சின்களையே பயன்படுத்தினார். அவை நம்பகமாக இயங்காததால் எஞ்சினையும் தாமே வடிவமைக்க முடிவு செய்தார். வார்ப்பு அலுமினியப் பாகங்களுக்கு வெப்பப் பதம் கொடுக்க மட்பாண்டம் சுடும் சூளை பயன்பட்டது. உடற்பகுதியின் வடிவம் கம்பிகளை வளைத்துக் கண்ணால் பார்த்தே தீர்மானிக்கப்பட்டது. 1992 இல் பிரிட்டன் மோட்டார் சைக்கிள் நிறுவனம் தொடங்கப்பட்டது.

வி1000 வண்டியின் எஞ்சின் 999 கன செ.மீ. கொள்ளளவும் 166 குதிரைத்திறனும் கொண்டது. வண்டியின் எடை 138 கிலோகிராம் மட்டுமே. தனியாகச் சட்டகம் கிடையாது. எஞ்சினே சட்டகத்தின் வேலையையும் செய்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் இருக்கைக்கு அடியில் வைக்கப்பட்டதால் வண்டியின் முன்புறம் குறுகலாக அமைந்து காற்றுத் தடை குறைந்தது.

சக்கரமும் பிரேக்கும்

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இருப்பதைப் போல 9 மடங்கு ஆற்றல் 300 கி.மீ. வேகத்தில் இருக்கும். ஓட்டுநர், எரிபொருள் உட்பட மொத்த எடை 220 கிலோகிராம் எனக் கொண்டால், 300 கி.மீ. வேகத்தில் அந்த ஆற்றல் ஏறத்தாழ 760 கிலோஜூல் ஆகும். அறை வெப்பநிலையில் உள்ள இரண்டரை லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க இது போதும். காற்றுத் தடை ஒரு பகுதியை எடுத்துக்கொண்டாலும், எஞ்சியது சில நொடிகளில் பிரேக் வட்டுகளில் வெப்பமாக மாற வேண்டும். கல்வராயன் மலைப் பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்தபடி இறங்கும் பேருந்தின் பிரேக் சூடேறுவதும் இவ்வாறு ஆற்றல் வெப்பமாக மாறுவதால்தான்.

சக்கரத்தின் எடைக்கு இங்கே தனி முக்கியத்துவம் உண்டு. சக்கரம் முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் செய்கிறது. ஆகவே சக்கர விளிம்பில் உள்ள ஒரு கிலோகிராம், வண்டியின் உடலில் உள்ள ஒரு கிலோகிராமைப் போல இரு மடங்கு இயக்க ஆற்றலைக் கொண்டிருக்கும். விளிம்பில் எடை குறைந்தால் வண்டி விரைவாக வேகம் எடுக்கும், விரைவாக நிற்கும், வளைவில் எளிதாகச் சாயும். மேலும் சக்கரத்தின் எடையைச் சுருள்வில் தாங்குவதில்லை. இலேசான சக்கரம் மேடு பள்ளங்களில் சாலையை விட்டு எழும்பாமல் ஓடும். டயரின் பிடிப்பு விடாதவரை மட்டுமே பிரேக் பயன்தரும். இக்காரணங்களால் பிரிட்டன் சக்கரங்களைக் கார்பன் இழையால் செய்தார்.

வழக்கமான குழாய் வடிவ முன்கவை, பிரேக் பிடிக்கும்போது அமுங்கி வண்டியின் முன்பகுதியைத் தாழ்த்தும். இதைக் குறைக்க பிரிட்டன் கார்பன் இழையாலான கர்டர் வகை முன்கவையைப் பயன்படுத்தினார்.

பந்தயங்கள்

1991 இல் அமெரிக்காவின் டேடோனா களத்தில் நடைபெற்ற இரட்டை உருளை வண்டிகளுக்கான பந்தயத்தில் பிரிட்டனின் வண்டி இரண்டாம் இடம் பெற்றது. 1992 இல் ஆண்ட்ரூ ஸ்ட்ரவுட் ஓட்டிய வண்டி முன்னிலையில் இருந்தபோது சிறிய மின்கோளாறு காரணமாக நின்றுபோனது. எனினும் டுக்காட்டி வண்டிகளுக்கு இணையாக அது ஓடியதை உலகம் கவனித்தது. 1993 இல் 1000 கன செ.மீ. வரையிலான பிரிவில் மணிக்கு 302.705 கி.மீ. உட்பட நான்கு உலக வேகச் சாதனைகள் நிகழ்த்தப்பட்டன. 1994 இலும் 1995 இலும் டேடோனாவில் வெற்றி கிட்டியது.

1994 இல் மான் தீவுப் பந்தயத்திற்கான பயிற்சி ஓட்டத்தில் பிரிட்டன் வண்டியை ஓட்டிய மார்க் ஃபார்மர் விபத்தில் உயிரிழந்தார்.

மறைவும் தாக்கமும்

1995 இல் பிரிட்டனுக்குப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று தமது 45 ஆம் வயதில் காலமானார். அதே ஆண்டில் பேர்ஸ் உலகத் தொடரை அவரது வண்டியில் ஸ்ட்ரவுட் வென்றார். வி1000 வண்டிகள் மொத்தம் 10 மட்டுமே செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று வெலிங்டனில் உள்ள நியூசிலாந்து தேசிய அருங்காட்சியகமான தே பாப்பாவில் உள்ளது.

கார்பன் இழைச் சக்கரங்கள் பின்னர் விலையுயர்ந்த வண்டிகளில் இடம்பெறத் தொடங்கின. 2017 இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் வெளியிட்ட எச்பி4 ரேஸ் வண்டியின் சக்கரங்களும் சட்டகமும் கார்பன் இழையால் ஆனவை. பிரிட்டனின் வண்டி இவ்வகைச் சக்கரங்களுடன் பந்தயக் களத்தில் ஓடி அப்போது 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.