கதவு திறந்த அன்னை

ஆண்டு 1930. சென்னையில் ஒரு மருத்துவரின் இல்லத்துக் கதவை இளம்பெண்கள் சிலர் தட்டினர். தேவதாசிக் குடும்பங்களில் பிறந்தவர்கள் அவர்கள். பொட்டுக்கட்டும் வாழ்வு வேண்டாம், படிக்க வேண்டும் என்று வந்தவர்கள். மாணவியர் விடுதிகளோ அவர்களைச் சேர்க்க மறுத்துவிட்டன. குலத்தைக் கேட்ட ஊரில் கண்ணீரின் காரணம் கேட்பார் இல்லை!

அந்தக் கதவு திறந்தது. திறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அந்தத் துயரம் அம்மையாருக்குப் புதிதன்று. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். தந்தை நாராயணசாமி கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் தோன்றியவர். ஊர் ஏச்சு எப்படிச் சுடும் என்பதைச் சிறுவயதிலேயே அறிந்தவர் மகள். ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் ஆணை அதை வென்றது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் மருத்துவராக வெளிவந்தார்.

1927-இல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சின்னஞ்சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் கொடுமையை ஒழிக்க அங்கே வாதாடினார். பழமையின் பெயரால் எதிர்த்தவர்கள் பலர். அம்மையார் தளரவில்லை. 1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது பதவியைத் துறந்தார், முயற்சியைத் துறக்கவில்லை. பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது.

ஆனால் தோழர்களே, சட்டம் விலங்கை உடைக்கும். உடைந்த நெஞ்சை ஒட்டவைக்குமா? விடுபட்ட குழந்தை அன்றிரவு எங்கே உறங்கும்? நாளை யார் அதற்குச் சோறிடுவார்? அம்மையாரின் பெருமை இங்கேதான் தனித்து நிற்கிறது. மேடையில் பேசியதை வீட்டில் செய்து காட்டினார். கதவைத் தட்டியவர்களுக்குத் தம் வீட்டிலேயே இடம் தந்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. தமிழ் மூதாட்டியின் பெயர் தாங்கிய அவ்வில்லத்தில் ஆதரவற்ற சிறுமியருக்கு உணவு கிடைத்தது, கல்வி கிடைத்தது, கைத்தொழில் கிடைத்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, இகழ்ச்சியின்றித் தலைநிமிர்ந்து வாழ ஓர் இடம் கிடைத்தது. அடையாற்றில் அவ்வில்லம் இன்றும் பணிபுரிகிறது.

அடையாற்றிலேயே புற்றுநோய் மருத்துவமனை கண்டவரும் அவரே. 1954-இல் அது செயல்படத் தொடங்கியது. 1968-இல் அம்மையார் மறைந்தார்.

துன்புற்ற குழந்தை தேறுவதற்கு வேண்டுவன எவை என்று இன்றைய உளநூலார் ஆராய்ந்து சொல்கின்றனர்: அச்சமற்ற இடம், தவறாத அன்றாட ஒழுங்கு, கைவிடாத ஒரு பெரியவர், துருவித் துருவிக் கேளாத செவி. ஔவை இல்லம் இவற்றுள் பலவற்றை அன்றே தன் வாழ்க்கை முறையாகக் கொண்டிருந்தது.

கொல்கத்தாவின் நியூ டவுனில் வானளாவும் மாடங்களுக்கு நடுவே நாம் படிக்கிறோம். கொடுமைக்கு ஆளான குழந்தைகளைக் காக்க 2012-இல் சட்டம் வந்துவிட்டது. உதவிக்கு அழைக்க 1098 என்ற எண்ணும் இருக்கிறது. ஆயினும் அழைப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். அழைத்தபின் அக்குழந்தையை நம்புவதற்கும் ஒரு மனிதர் வேண்டும். நாளை மருத்துவராக, வழக்கறிஞராக, ஆசிரியராகப் போகும் நம் கதவையும் ஒரு பிஞ்சுக்கை தட்டக்கூடும். அன்று குலமும் குற்றமும் கேட்டு நிற்போமா? கதவைத் திறப்போமா?