காலடியைப் பார்த்தே நடந்தவர்: திருவள்ளூர் காட்டில் புரூஸ் ஃபூட்

காக்களூர் சிட்கோவில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு வாரத்தில் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறு. ட்ரெக்கிங் என்றதும் நாகலாபுரம், தடா என்று ஆந்திரா பக்கம் பைக்கைத் திருப்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே பூண்டி இருக்கிறது. ஏரியைத் தாண்டி சீத்தஞ்சேரி வழியாகப் போனால் அல்லிக்குழி மலை, அதன் நடுவில் குடியம் குகைகள். உயரம் ஒன்றும் பெரிதில்லை, சில நூறு மீட்டர்தான். மேலே போய் மேகத்தோடு செல்ஃபி எடுக்க முடியாது. இங்கே பார்க்க வேண்டியதெல்லாம் காலுக்குக் கீழே கிடக்கிறது.

முதல்முறை போனபோது எனக்கு அது தெரியாது. வரும் வழியில் ஒரு கல்லை எடுத்து பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இலை மாதிரி வடிவம், கையில் பிடித்தால் கச்சிதமாக உட்கார்ந்தது. நாலு வருஷமாக என் டேபிளில் பேப்பர் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. அந்தக் கல்லை எடுத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கதையைப் படித்த பிறகுதான் புரிந்தது.

ஃபூட் பிறந்தது 1834-ல், இங்கிலாந்தின் செல்டன்ஹாம் ஊரில். 1858-ல், இருபத்து நாலு வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். மெட்ராஸ் மாகாணத்தில் போஸ்டிங். வேலை என்னவென்றால், நடப்பது. குதிரையிலும் போவார்கள், ஆனால் பாறையைத் தட்டிப் பார்க்க வேண்டுமென்றால் இறங்கித்தானே ஆகணும்? எந்த ஊரில் என்ன பாறை, எங்கே என்ன மண், எது எதன் மேல் படிந்திருக்கிறது என்று பார்த்து மேப் போட வேண்டும். கம்பெனி ஆட்சி முடிந்து பிரிட்டிஷ் அரசு நேரடியாக நாட்டைக் கையில் எடுத்த வருஷம் அது. நிலக்கரி எங்கே, இரும்பு எங்கே, தங்கம் எங்கே என்று அரசுக்குத் தெரிய வேண்டும். ஃபூட்டுக்குச் சம்பளம் கொடுத்தது அதற்காகத்தான், பழங்கால மனிதர்களைத் தேடுவதற்காக இல்லை.

அந்த ஆர்வம் வந்தது வேறு இடத்திலிருந்து. ஃபிரான்ஸில் சோம் ஆற்றங்கரையில் பூஷே டி பெர்த் என்ற சுங்க அதிகாரி, அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு கல் கருவிகள் கிடைக்கின்றன என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் பெரிதாக மதிக்கவில்லை. மனிதன் தோன்றியே ஆறாயிரம் வருஷம்தான் ஆகிறது என்று பைபிளை வைத்துக் கணக்குப் போட்ட காலம். 1859-ல் ஜோசப் பிரெஸ்ட்விச் என்ற நிலவியலாளர் இங்கிலாந்திலிருந்து நேரில் போய்ப் பார்த்து, அந்த மனுஷன் சொன்னது சரிதான் என்று அறிவித்தார். ஐரோப்பாவே அதிர்ந்தது. இங்கே மெட்ராஸில் இருந்த ஃபூட்டுக்கு ஒரு யோசனை. ஃபிரான்ஸில் கிடைக்கும் என்றால் இங்கே ஏன் கிடைக்காது?

1863 மே 30. மெட்ராஸின் உச்சி வெயில் காலம். பல்லாவரம் ராணுவ மைதானத்தை ஒட்டி, சரளை தோண்டிய ஒரு குழி. அங்கே கிடந்த கற்களுக்கு நடுவில் ஒரு கல் ஃபூட்டின் கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தால், கைக்கோடரி. அப்போது அவருக்கு வயது 28. எனக்கும் இப்போது அதே வயசுதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு கல்லைப் பார்த்து அது கருவி என்று எப்படிச் சொல்வது? உருண்டு வரும் கல் எப்படி வேண்டுமானாலும் உடையும். ஆனால், ஒருவர் இன்னொரு கல்லால் ஓரத்தில் தட்டித் தட்டிச் செதுக்கினால் சில்லு சில்லாகப் பெயரும். பெயர்ந்த இடத்தில் சிப்பியின் உள்பக்கம் மாதிரி ஒரு பள்ளம் விழும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டி, ஒரு முனையைக் கூராக்கி, இன்னொரு முனையைப் பிடிக்க வசதியாக உருட்டி விட்டால், கிட்டத்தட்ட பாதாம்பருப்பு வடிவம் வரும். இயற்கை ஒரு தழும்பு போடலாம், ரெண்டு போடலாம். இருபது தழும்பை வரிசையாகப் போட்டு இரண்டு பக்கமும் சமமாகக் கொண்டுவராது. பாறை உடையும் விதத்தைப் பார்த்துப் பார்த்தே பழகிய ஒருவரின் கண்ணுக்குத்தான் இது உடனே தெரியும்.

ஆனாலும், ஒரே ஒரு கல். அதுவும் தோண்டிப் போட்ட குழியில் கிடந்தது. எங்கிருந்தாவது வந்திருக்கலாம் என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. மண் அடுக்குக்குள்ளேயே, இருந்த இடத்தில் இருக்கிற கருவி வேண்டும். அதைத் தேடித்தான் அந்த வருஷம் முழுக்க நடந்தார்.

இந்தத் தேடல்தான் அவரைத் திருவள்ளூர் பக்கம் கொண்டுவந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் ஓட ஆரம்பித்தது 1856-ல். ஆக, 1863-ல் திருவள்ளூர் வழியாக ரயில் போய்க்கொண்டிருந்தது. பூண்டி ஏரி மட்டும் இல்லை, அது 1944-ல் கட்டியது. கொசஸ்தலை ஆறு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1863 செப்டம்பர் 28-ம் தேதி, ஃபூட்டும் அவரோடு வேலை பார்த்த வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கம் கிராமத்துக்குப் பக்கத்தில் ஓடை அரித்துவிட்ட பள்ளத்தில் இறங்கினார்கள். அங்கே சரளை அடுக்கில், செம்மண்ணில், ஒன்று இல்லை இரண்டு இல்லை, நிறைய கைக்கோடரிகள். ஃபூட்டுக்கு 29-வது பிறந்தநாள் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இந்தக் கிங் பற்றி ஒரு குட்டித் தகவல். இவர் அப்பா பெயரும் வில்லியம் கிங்தான், அயர்லாந்தில் பேராசிரியர். ஜெர்மனியில் கிடைத்த ஒரு பழைய மண்டை ஓட்டைப் பார்த்து, இது நம்மைப் போன்ற மனிதன் இல்லை, வேறு இனம் என்று சொல்லி, நியாண்டர்தால் மனிதனுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் அவர். அவர் அந்த யோசனையை வெளியிட்டதும் அதே 1863-ல். அப்பா அங்கே பழைய மனிதனுக்குப் பெயர் வைக்க, பையன் இங்கே அதிரம்பாக்கம் ஓடையில் கருவி பொறுக்கிக்கொண்டிருக்கிறார்!

ஏன் இந்த ஏரியாவில் மட்டும் இவ்வளவு? குடியம் குகைக்குப் போனால் அதற்குப் பதில் சுவரிலேயே இருக்கிறது. அங்கே உள்ள பாறை ஒரே கட்டியாக இருக்காது. உருண்டு வழுவழுப்பான கூழாங்கற்களை சிமென்ட் போட்டு இறுக்கின மாதிரி இருக்கும். அந்தக் கூழாங்கற்கள் குவார்ட்சைட் என்கிற கெட்டியான பாறை. மழையில் பாறை அரிக்கும்போது அவை உதிர்ந்து ஓடை வழியாகக் கீழே வரும். கருவி செய்ய நல்ல கல் வேண்டும், தண்ணீர் வேண்டும், தண்ணீர் குடிக்க வரும் மிருகங்கள் வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில். இன்றைக்குக் காக்களூரில் ரயிலும் ரோடும் இருப்பதால் கம்பெனி வந்தது இல்லையா, அதே லாஜிக்தான்.

ஃபூட் குடியம் குகைகளையும் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். 1866-ல் இந்தக் கண்டுபிடிப்புகள் பற்றிய அவரது விரிவான கட்டுரை மெட்ராஸில் வெளிவந்தது. 1868-ல் இங்கிலாந்தில் அறிஞர்கள் முன்னால் வைத்தார். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் என்று இல்லை. இந்தச் செம்மண் படிவுகள் கடலுக்கடியில் உருவானவை என்று ஆரம்பத்தில் நினைத்தார். அது நிற்கவில்லை. கருவிகளுக்கு வயது என்ன என்று கண்டுபிடிக்கவும் அன்றைக்கு வழியே கிடையாது. ரொம்பப் பழசு என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. ஆனால், எந்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கு என்று எழுதி வைத்தார். அவர் செய்ததிலேயே பெரிய விஷயம் அதுதான் என்பது என் கருத்து.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு சுவாரஸ்யம். ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்தி, ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்த அதே பெர்சிவல். பிறகு மெட்ராஸ் வந்து தினவர்த்தமானி என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். மாமனார் பழமொழி சேகரிக்கிறார், மருமகன் கல் சேகரிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த முப்பது வருஷம் தென்னிந்தியா முழுக்க நடை. பெல்லாரி பக்கம் சாம்பல் மேடுகள் இருக்கும். ஊர்க்காரர்களுக்கு அவை ராட்சசர்களை எரித்த இடம், சிலருக்கு எரிமலைச் சாம்பல். ஃபூட் அவற்றை ஆராய்ந்து, புதிய கற்கால மக்களின் மாட்டுப் பட்டியில் சேர்ந்த சாணம் எரிந்த சாம்பல் என்றார். பின்னாளில் நடந்த ஆய்வுகளும் அதையே உறுதி செய்தன. 1884-ல் கர்நூல் பக்கம் பில்லசுர்கம் குகைகள். டார்வினின் நண்பர் தாமஸ் ஹக்ஸ்லி சொல்லி, மெட்ராஸ் கவர்னர் கிராண்ட் டஃப் அனுப்பினார். அங்கே தோண்டும் வேலையைப் பெருமளவு செய்தது ஃபூட்டின் மகன் ஹென்றி, ராணுவ லெஃப்டினன்ட்.

இந்த நடைகளை நினைத்தால் ஒரு உறுத்தலும் வருகிறது. சர்வே கேம்ப் என்றால் கூடாரம், மாட்டு வண்டி, சமையல், மூட்டை மூட்டையாகக் கல். கல்லைச் சுமந்தவர்கள், குழி தோண்டியவர்கள், எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும் என்று வழி காட்டியவர்கள் எல்லாம் நம்ம ஊர்க்காரர்கள்தான். ஃபூட்டின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவர்களைப் பற்றி நம்மிடம் வந்து சேர்ந்தது ரொம்பக் குறைவு.

1891-ல் அரசு வேலையிலிருந்து ஓய்வு. சும்மா உட்காரவில்லை, பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கு வேலை பார்த்தார். கடைசியில் வீடு போட்டது ஏற்காட்டில். சேர்த்த கற்கள், பானைகள் எல்லாவற்றையும் 1904-ல் மெட்ராஸ் அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. எழும்பூரில் இன்றைக்கும் இருக்கிறது. பிறகு வயதான காலத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் நம்பர் போட்டு, எங்கே கிடைத்தது என்று எழுதி, கேட்டலாக் தயாரிக்கும் வேலை. 1912 டிசம்பர் 29-ம் தேதி கல்கத்தாவில் இறந்தார். கேட்டலாக் 1914-லிலும் அதற்கான விளக்கக் குறிப்புகள் 1916-லிலும்தான் வெளிவந்தன. அவர் பார்க்கவில்லை. ஏற்காடு ஹோலி டிரினிட்டி சர்ச்சில் அவருக்கு நினைவுக் கல் இருக்கிறது.

அவர் எழுதிவைத்த அட்ரஸைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் வந்தவர்கள் அதிரம்பாக்கத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள். 1999-ல் சாந்தி பப்பு குழுவினர் அங்கே தோண்ட ஆரம்பித்தார்கள். கருவிகளோடு மிருகங்களின் பல் கிடைத்தது, குளம்படித் தடம் கிடைத்தது. 2011-ல் முடிவு வெளிவந்தது. அடியில் கிடந்த கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் வருஷம். 2018-ல் இன்னொரு முடிவு: மேல் அடுக்குகளில், சின்னதாக, நுணுக்கமாகச் செய்த அடுத்த தலைமுறைக் கருவிகள் 3,85,000 வருஷத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டன. இந்தியாவுக்கு அந்தத் தொழில்நுட்பம் ரொம்ப லேட்டாக வந்தது என்ற எண்ணத்தை அது அசைத்துப் பார்த்தது.

இந்த இரண்டு கணக்குகளையும் கல்லை மட்டும் வைத்துப் போடவில்லை. 2018 கணக்குக்கு, கருவியைச் சுற்றியிருந்த மண் கடைசியாக எப்போது சூரிய வெளிச்சத்தைப் பார்த்தது என்று அளந்தார்கள். 2011-ல் மண்ணில் பதிந்திருந்த பழைய காந்தத் திசையைப் பார்த்தார்கள், கல் எவ்வளவு காலம் புதைந்து கிடந்தது என்று கணக்கிட்டார்கள். எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் என்று தெரிந்தால்தான் இதெல்லாம் நடக்கும். பல்லாவரம் குழி இன்றைக்கு எங்கே? முழுக்க ஊராகிவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்தில் ரோடு போடவும் பிளாட் போடவும் சரளையும் சவுடு மண்ணும் லாரி லாரியாகப் போகின்றன. அதுபோக, என்னை மாதிரி ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துப் போகிறோம்.

குடியம் போகிறவர்களுக்கு: காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு, ஊர் வழி தெரிந்தவரோடு போங்கள். வெயில் காலம் வேண்டாம், நிழல் குறைவு. தண்ணீர் நீங்களே கொண்டுபோக வேண்டும். அதற்கு முன்னால் பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நின்று கைக்கோடரி எப்படி இருக்கும் என்று கண்ணில் ஏற்றிக்கொண்டு போனால், நடக்கும்போது கண் தானாகத் தரைக்குப் போகும். ஏதாவது தட்டுப்பட்டால் போட்டோ எடுங்கள், போனில் லொக்கேஷனைச் சேமித்துக்கொள்ளுங்கள், கல்லை அப்படியே விட்டுவிட்டு பூண்டியில் வந்து காட்டுங்கள்.

என் டேபிளில் இருக்கும் கல்லைப் போன மாதம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் சிப்பி மாதிரி நாலு பள்ளம் இருக்கிறது, மறுபக்கம் ஒன்று. கருவியா, வெறும் உடைந்த கல்லா என்று யாரிடமாவது காட்டலாம். ஆனால், அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி அதை எங்கே எடுத்தேன் என்பதாகத்தான் இருக்கும். குகைக்குப் போகும்போதா, திரும்பும்போதா, ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, எதுவுமே ஞாபகம் இல்லை.