எண்ணிக்கைக்குள் அடங்காத மெண்டல்

(பி.எஸ்சி. தாவரவியல், இரண்டாம் ஆண்டு)

ஆண்டுக்கு எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்? அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர்? ஓர் ஆராய்ச்சியாளரை அளக்க இன்று இவ்விரு கேள்விகளே எழுப்பப்படுகின்றன. இந்த அளவுகோலைக் கிரிகோர் மெண்டலிடம் வைத்துப் பார்ப்போமா?

1822 ஆம் ஆண்டு, ஆஸ்திரியப் பேரரசின் சிற்றூர் ஒன்றில் ஏழை உழவரின் மகனாகப் பிறந்தார் மெண்டல். தந்தை விபத்தில் அடிபட்டு உழைக்க இயலாதவரானார். மகனின் படிப்புக்குப் பணமில்லை. தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பகுதியைத் தந்து அண்ணனைப் படிக்க வைத்தாள். 1843 இல் புரூன் நகர மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். ஆசிரியர் தேர்வில் இருமுறை முயன்றும் தேறவில்லை. ஆயினும் துணை ஆசிரியராகவே பணியாற்றிக்கொண்டு ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

1856 முதல் 1863 வரை, மடத்துத் தோட்டத்தில் சுமார் 28,000 பட்டாணிச் செடிகளை ஆராய்ந்தார். ஏழு பண்புகளை எடுத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக எண்ணிக் குறித்தார். ஒரு சோதனையில் மஞ்சள் விதைகள் 6,022. பச்சை விதைகள் 2,001. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று! பாரம்பரியத்தின் விதி அந்த எண்களில் ஒளிந்திருந்தது.

1865 இல் புரூன் இயற்கை அறிவியல் கழகத்தில் இதைப் படித்தார். 1866 இல் கட்டுரை அச்சேறியது. நாற்பது தனிப் பிரதிகள் பெற்று அறிஞர்களுக்கு அனுப்பினார். புகழ்பெற்ற தாவரவியலார் நெகேலி கடிதம் எழுதினாரே தவிர, கண்டுபிடிப்பின் அருமையை உணரவில்லை. கலப்பினச் செடிகள் பற்றி மெண்டல் அதன்பின் வெளியிட்டது இன்னும் ஒரே கட்டுரைதான். 1868 இல் மடத்தலைவரானார். நிர்வாகச் சுமை ஆராய்ச்சியை விழுங்கியது. கடன் மறவாத அண்ணனாய்த் தங்கையின் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். 1884 இல் மறைந்தார்.

அதுவரை அவரை மேற்கோள் காட்டியவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் ஃபோக்கே. 1881 இல் அவர் எழுதிய நூலில் மெண்டலின் பெயர் இடம்பெற்றது. 1900 இல் டி விரீஸ், காரென்ஸ், செர்மாக் ஆகியோர் அதே விதியை எட்டியபோது, 34 ஆண்டுகள் உறங்கிய கட்டுரை விழித்தெழுந்தது. மரபியல் என்னும் துறையே பிறந்தது!

1884 இல் கணக்கெடுத்திருந்தால் மெண்டலுக்குக் கிடைத்திருக்கும் மதிப்பெண் எவ்வளவு? மேற்கோள் கணக்கு, ஒரு கட்டுரையை எத்தனை பேர் கவனித்தார்கள் என்று சொல்லும். அதில் உண்மை எவ்வளவு என்று சொல்லாது.

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நமக்காகத் தன் பங்கை விட்டுக்கொடுத்த தெரேசியாக்கள் நம் வீடுகளிலும் உண்டு. செய்முறை ஏட்டில் நாம் குறிக்கும் ஒவ்வோர் எண்ணும் உண்மையாக இருக்கட்டும். நூலகத்தில் யாரும் தொடாத பழைய இதழ்களையும் புரட்டுவோம். அங்கும் ஒரு மெண்டல் காத்திருக்கலாம்!