மறதி நோய்க்குத் தன் பெயரைத் தந்த டாக்டர்

வயதான ஒருவர் தன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, தன் வீட்டுக்கு வழி கேட்கிறார். பழவேற்காடு ஏரியில் நாற்பது வருஷம் வலை வீசியவர், படகை எந்தத் துறையில் கட்டினோம் என்று தெரியாமல் திகைக்கிறார். மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே உள்ள அனுப்பம்பட்டு ரெயில் நிலையத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். மூன்று ரெயில்கள் வந்து போய்விட்டன. எங்கே போக வந்தோம் என்பது அவளுக்கு நினைவில் இல்லை.

இப்படிப்பட்டவர்கள் எந்த ஊரில் இல்லை? வயதானால் இப்படித்தான் என்று சிலர் சொல்வார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் சரியல்ல. இது மூளையில் வரும் ஒரு நோய். அதை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து உலகுக்குக் காட்டியவர் ஒரு ஜெர்மன் டாக்டர். அவர் பெயர் அலாய்ஸ் அல்சைமர். முதுமையில் வரும் மறதி நோய்களில் மிக அதிகமாகக் காணப்படுவது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நோயின் பெயரை அறிந்தவர்கள் ஏராளம். அந்த மனிதரின் கதையை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

பிறப்பும் படிப்பும்

அல்சைமர் 1864-ம் ஆண்டு ஜுன் 14-ந் தேதி, பவேரியாவில் மார்க்பிரைட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பத்திரங்களைப் பதிவு செய்யும் நோட்டரி. பெர்லின், டூபிங்கன், வூர்ஸ்பர்க் ஆகிய நகரங்களில் மருத்துவம் படித்து, 1887-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி என்ன தெரியுமா? காதில் குரும்பி சுரக்கும் சுரப்பிகள்! பின்னாளில் மூளையை ஆராய்ந்து பெயர் பெறப்போகிறவர், காதில் இருந்துதான் தொடங்கினார்.

நல்ல உயரம், பருத்த உடல், சுருட்டுப் பிரியர். மாணவப் பருவத்தில் வாட்சண்டைப் பந்தயத்தில் இடது கன்னத்தில் வெட்டுப்பட்டு, அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது.

கட்டி வைக்காத ஆஸ்பத்திரி

1888-ம் ஆண்டு முடிவில், பிராங்க்பர்ட் நகரின் மனநோய் ஆஸ்பத்திரியில் உதவி டாக்டராகச் சேர்ந்தார். அங்கே தலைவராக இருந்தவர் எமில் சியோலி. மனநோயாளிகளைக் கட்டிப்போடுவதும் தனியறையில் அடைப்பதும் எங்கும் வழக்கமாக இருந்த காலம் அது. சியோலி அதை மாற்ற முயன்றார். கட்டுகளைத் தவிர்த்தார். கொந்தளிப்பவர்களை வெதுவெதுப்பான தண்ணீரில் நெடுநேரம் உட்கார வைத்து அமைதிப்படுத்தினார். நோயாளியோடு பேசுவதையும் ஒரு சிகிச்சையாகக் கருதினார். இந்த முறை அல்சைமருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அடுத்த ஆண்டு, பிரான்ஸ் நிசில் என்ற இளம் டாக்டர் அங்கே வந்து சேர்ந்தார். மூளை அணுக்களுக்குச் சாயம் ஏற்றித் தெளிவாகக் காணும் முறையைக் கண்டவர் அவர். இருவரும் உயிர் நண்பர்கள் ஆனார்கள். பகல் முழுவதும் நோயாளிகளுடன் இருப்பார்கள். இரவில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

1894-ல் அல்சைமர், செசிலி என்ற செல்வச் சீமாட்டியை மணந்தார். வைர வியாபாரி ஒருவரின் விதவை அவர். மூன்று குழந்தைகள் பிறந்தன. அந்த இன்பம் நீடிக்கவில்லை. 1901-ம் ஆண்டு பிப்ரவரியில் செசிலி காலமானார். தாயில்லாக் குழந்தைகளை வளர்க்க அல்சைமரின் தங்கை எலிசபெத் வந்தார். அல்சைமர் தன் துயரத்தை வேலையில் மறக்க முயன்றார்.

அகுஸ்தே அம்மாள்

அதே 1901-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி. ஒரு ரெயில்வே குமாஸ்தா தன் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். அந்த அம்மாளின் பெயர் அகுஸ்தே டீட்டர். வயது 51 தான்.

நல்ல குடும்பப் பெண். சில மாதங்களாக அடியோடு மாறிப்போயிருந்தார். காரணமே இல்லாமல் கணவர் மீது சந்தேகப்பட்டார். வீட்டுச் சாமான்களை எங்கெங்கோ ஒளித்து வைத்தார். சமையல் கைதவறிப் போயிற்று. வீட்டுக்குள்ளேயே நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்தார்.

மறுநாள் அல்சைமர் அவர் அருகே உட்கார்ந்து பேசத் தொடங்கினார். பெயரைக் கேட்டார். அகுஸ்தே என்று பதில் வந்தது. குடும்பப் பெயரைக் கேட்டார். அதற்கும் அகுஸ்தே. கணவர் பெயரைக் கேட்டார். அதற்கும் அகுஸ்தே! பகல் சாப்பாட்டில் அந்த அம்மாள் பன்றி இறைச்சியும் காலிபிளவரும் தின்றுகொண்டிருந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தால், கீரை என்றார். பென்சில், பேனா, சுருட்டு முதலிய பொருள்களைக் காட்டினால் பெயர் சரியாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து என்ன காட்டினேன் என்று கேட்டால், ஒன்றும் நினைவில்லை. பெயரை எழுதச் சொன்னபோது, திருமதி என்பதற்கான சொல்லை மட்டும் எழுதிவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

ஒவ்வொரு கேள்வியையும் ஒவ்வொரு பதிலையும் அல்சைமர் அப்படி அப்படியே தன் கையால் எழுதி வைத்தார். கொடுப்பதற்கு அவரிடம் மருந்து எதுவும் இல்லை. ஆனாலும் திரும்பத் திரும்பப் போனார், உட்கார்ந்தார், கேட்டார், எழுதினார்.

யாரும் கேள்வி கேட்காத கூட்டம்

அல்சைமர் 1902-ல் பிராங்க்பர்ட்டை விட்டு ஹைடல்பர்க் சென்றார். மறுவருஷம், எமில் கிரெப்லின் என்ற பிரபல மனநோய் நிபுணருடன் மூனிச் நகருக்குப் போனார். அங்கே சில ஆண்டுகள் சம்பளம் இல்லாமலே வேலை பார்த்தார். மனைவி விட்டுச் சென்ற சொத்து கைகொடுத்தது. பல தேசங்களில் இருந்து வாலிப டாக்டர்கள் அவரிடம் பாடம் கேட்க வந்தார்கள். ஒவ்வொரு மாணவரின் மைக்ராஸ்கோப் அருகிலும் போய்க் குனிந்து பார்த்து விளக்குவார். பேச்சு சுவாரஸ்யத்தில் சுருட்டை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். சாயங்காலம் பார்த்தால் மேஜைக்கு மேஜை பாதிச் சுருட்டு கிடக்குமாம்!

ஊர் மாறினாலும் அகுஸ்தே அம்மாளை அவர் மறக்கவில்லை. நிலைமையை விசாரித்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் கடைசி நாட்களில் படுத்த படுக்கையாகி, 1906-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி இறந்தார். சியோலி அவருடைய மூளையையும் குறிப்புகளையும் மூனிச்சுக்கு அனுப்பி வைத்தார்.

அல்சைமர் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளி உப்புச் சாயம் ஏற்றிப் பார்த்தார். மூளை சுருங்கியிருந்தது. பல அணுக்கள் அழிந்திருந்தன. அணுக்களுக்குள் நூல் சிக்கல் போல் இழைகள் முறுக்கிக் கிடந்தன. அணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருந்தது. மறதிக்குக் காரணம் இதோ, கண்முன்னே!

1906-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி, டூபிங்கனில் நடந்த மனநோய் டாக்டர்கள் மகாநாட்டில் இதை எடுத்துச் சொன்னார். கூட்டத்தில் ஒருவர் கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். மறுவருஷம் கட்டுரையாகவும் வெளியிட்டார். 1910-ல் கிரெப்லின் தன் பாடப்புத்தகத்தின் புதிய பதிப்பில் இந்த நோய்க்கு அல்சைமர் நோய் என்று பெயர் சூட்டினார்.

1912-ல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. இன்று போலந்தில் விராட்ஸ்வாப் என்று வழங்கும் ஊர் அது. பதவி ஏற்கப் போகும்போது ரெயிலிலேயே நோய்வாய்ப்பட்டார். அதன் பிறகு உடல் தேறவே இல்லை. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1915-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி காலமானார். வயது 51. அகுஸ்தே அம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இருந்த அதே வயது! பிராங்க்பர்ட்டில் மனைவியின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

நீலக் கோப்பு

எண்பது வருஷம் ஓடியது. 1995-ம் ஆண்டு டிசம்பரில், பிராங்க்பர்ட் ஆஸ்பத்திரியின் பழைய காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு நீலநிறக் கோப்பு கிடைத்தது. அகுஸ்தே அம்மாளின் கோப்பு! அல்சைமர் தன் கைப்பட எழுதிய கேள்விகளும் பதில்களும், அந்த அம்மாளின் போட்டோவும் அதில் இருந்தன.

உலகம் அதுவரை அல்சைமரின் மைக்ராஸ்கோப்பைத்தான் கொண்டாடி வந்தது. மைக்ராஸ்கோப்பைத் தொடுவதற்கு முன் அவர் படுக்கை அருகே உட்கார்ந்திருந்த பொழுதுகளை அந்தக் கோப்புதான் எல்லோருக்கும் காட்டியது.

அவர் கண்ட திட்டுகளைக் கரைக்கும் மருந்துகள் இன்று வந்துவிட்டன. லெக்கானமாப் என்ற மருந்துக்கு 2023-ல் அமெரிக்கா முழு அனுமதி அளித்தது. ஆரம்ப நிலையில் கொடுத்தால் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும். போன ஞாபகத்தைத் திருப்பித் தரும் மருந்து இல்லை. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்பத்திரி என்பது வீடுதான். நர்ஸ் என்பது மனைவியோ மகளோ மருமகளோதான்.

கண்ணுக்குள் ஒரு கடற்கரை

வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கைகொடுக்க ஒரு புதிய சாதனம் வந்திருக்கிறது. மெய்நிகர் காட்சிக் கண்ணாடி என்று அதற்குப் பெயர். தத்துவம் பழையது. இரண்டு கண்ணுக்கும் சிறு வேற்றுமையுள்ள இரண்டு படங்களைத் தனித்தனியே காட்டினால், மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழத்தோடு பார்க்கும் என்பதை 1838-லேயே வீட்ஸ்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி விளக்கிவிட்டார். இன்று செல்போனும் மடித்த அட்டைப் பெட்டியும் இரண்டு வில்லைகளும் இருந்தால் போதும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். அந்த இடத்திலேயே நிற்பது போல் இருக்கும்.

இதனால் இரண்டு உபயோகங்கள். முதலாவது, பார்த்துக்கொள்கிறவர்களுக்கு. நோயாளியின் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்பதைக் காட்டும் மெய்நிகர் படம் ஒன்றை, பிரிட்டனின் அல்சைமர் ஆராய்ச்சி நிறுவனம் 2016-ல் வெளியிட்டது. கடையில் சாமான் வாங்குவதும், தெருவில் நடப்பதும், வீட்டில் தேநீர் போடுவதும் அவர்களுக்கு எத்தனை பெரிய காரியம் என்பதை அதில் பார்க்கலாம். பார்த்தவர்கள் அடுத்த முறை கோபப்படும் முன் யோசிப்பார்கள்.

இரண்டாவது, நோயாளிக்கே. பழகிய இடங்களை மறுபடி காட்டுவது. பழவேற்காட்டுப் பெரியவருக்கு வெளிநாட்டு மலையையும் பனியையும் காட்டி என்ன பிரயோஜனம்? ஏரியின் விடியற்காலை வேண்டும். பூநாரைக் கூட்டம் வேண்டும். முறை வைத்து மீன் பிடிக்கும் பாட்டுக்குப் படகு புறப்படும் சத்தம் வேண்டும். சுற்றிலும் ஒரேயடியாகப் படம் பிடிக்கும் காமிரா இப்போது இருக்கிறது. பேரப்பிள்ளைகளே எடுத்துவிடலாம்.

இதனால் நோய் தீராது. இதுவரை நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். சிலருக்கு முகம் மலர்கிறது, பேச்சு வருகிறது, ஆர்வம் தோன்றுகிறது என்பதுதான் அவை காட்டுவது. பழைய நினைவுகளைப் பேச வைக்கும் சிகிச்சை பற்றிய 22 ஆய்வுகளை 2018-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பலன் உண்டு, ஆனால் சிறியது, எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதே முடிவு.

ஜாக்கிரதையும் வேண்டும். உட்கார வைத்தே மாட்ட வேண்டும். சில நிமிஷங்கள் போதும். மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்க வேண்டும். தலை சுற்றினாலும் பயந்தாலும் உடனே கழற்றிவிட வேண்டும். காக்காய் வலிப்பு உள்ளவர்களுக்கும், இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிகிறவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் மாட்டக்கூடாது. கண்ணாடியை மாட்டிவிட்டு நாம் வேறு வேலைக்குப் போய்விடவே கூடாது.

பக்கத்தில் ஒருவர்

அல்சைமரிடம் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விட்டுவிட வேண்டியதும் ஒன்று உண்டு.

அவர் நோயை அறியவேண்டிய டாக்டர். அதனால் கேள்வி கேட்டுச் சோதித்தார். வீட்டில் இருப்பவர்கள் சோதிக்கக்கூடாது. நான் யார், இவன் யார், நேற்று என்ன சாப்பிட்டாய் என்று பரீட்சை வைத்தால், பதில் தெரியாத முதியவர் அவமானத்தில் குன்றிப்போவார். மகன் பெயர் வரவில்லையா? நாமே சொல்லிவிடலாம். ஏரியைக் காட்டி, அந்தக் காலத்தில் இறால் எப்படி இருந்தது என்று பேச்சைத் தொடங்கிவிட்டு, வருவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கண்ணாடி வாங்க வசதி இல்லையென்றால், பழைய போட்டோவும் ஒரு துண்டு வலையும் போதும். பெயர் மறந்த கைக்கு முடிச்சு நினைவிருப்பது உண்டு.

அகுஸ்தே அம்மாள் சாமான்களை ஒளித்தார், கணவரைச் சந்தேகித்தார். நம் வீடுகளிலும் பாட்டி தன் சுருக்குப் பையை எங்கோ ஒளித்துவிட்டு, மருமகள் திருடிவிட்டாள் என்பாள். மாமியார் மருமகள் சண்டை என்று தெரு சிரிக்கும். அழுதுகொண்டிருக்கும் அந்த மருமகளுக்கு, இது பாட்டியின் குணம் அல்ல, நோயின் குணம் என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்னால் பாதிப் பாரம் குறையும். சந்தேகம் தோன்றினால் தாமதிக்காமல் அரசு ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவிலோ நரம்புப் பிரிவிலோ காட்ட வேண்டும். தைராய்டு குறைவு, வைட்டமின் குறைவு, மனச்சோர்வு போன்ற காரணங்களாலும் மறதி வரும். அவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

மருந்தில்லாத நாளிலும் நோயாளியின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார் அந்த டாக்டர். அந்த நாற்காலி எல்லா வீட்டிலும் இருக்கிறது. இன்று சாயங்காலம் அதில் யார் உட்காருவது என்பதை வீட்டார் பேசி முடிவு செய்துகொண்டால், தினமும் ஒருத்தியே சுமக்கும் பாரம் நாலு தோளில் பங்காகும்.