குளியல் தொட்டியில் படப்பெட்டிகள்: யார் இந்த ஆன்ரி லாங்லுவா?

ஒரு படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாச்சு, ஆனா பார்க்க வழியே இல்லை. ஓடிடியில் கிடையாது, டிவிடி வந்ததே இல்லை, டெலிகிராமில் யாரோ போட்ட லிங்க்கும் செத்துப்போச்சு. சினிமா பித்துப் பிடித்த எல்லாருக்கும் இந்த வலி தெரியும். இப்போதே இந்த நிலைமை என்றால் 1930-களில் யோசித்துப் பாருங்கள். தியேட்டரை விட்டுத் தூக்கிய படம் தூக்கியதுதான். அதன் பிரிண்ட்டை யாராவது எங்காவது பத்திரமாக வைத்திருந்தால்தான் மறுபடி பார்க்க முடியும். பாரீஸில் அந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர்தான் ஆன்ரி லாங்லுவா.

1914-ல், அப்போது ஒட்டோமான் பேரரசில் இருந்த ஸ்மிர்னா நகரில் பிறந்தவர். இன்றைய துருக்கியின் இஸ்மிர். 1922-ல் போரில் அந்த ஊர் பற்றி எரிந்தபோது, குடும்பம் இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு பாரீஸுக்கு ஓடிவந்தது. ஏழு வயசுல ஊரே சாம்பலானதைப் பார்த்த பையன், பின்னாளில் எதையும் தூக்கி எறிய மனசு வராதவராக மாறியதில் ஆச்சரியம் இல்லை. படிப்பு ஏறவில்லை, பள்ளி இறுதித் தேர்வில் ஃபெயில். ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கிடைத்த நண்பர்தான், பிறகு இயக்குநரான ஜார்ஜ் ஃபிரான்ஜு.

இரண்டு பேருக்கும் மௌனப் படங்கள் மேல் கிறுக்கு. ஆனால் காலம் அவர்களுக்கு எதிராக இருந்தது. பேசும் படம் வந்துவிட்டது, ஊமைப் படத்தை இனி யார் பார்ப்பார்கள் என்று தயாரிப்பாளர்கள் படச்சுருள்களைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கழித்துக்கட்டுவது என்றால் நம்ம ஊர் பழைய இரும்புக் கடைக்குப் போடுகிற மாதிரிதான். ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது, அதைப் பிரித்தெடுத்து விற்றால் காசு. எவ்வளவோ படங்கள் இப்படியே உருகிப்போயின.

1935-ல் லாங்லுவாவும் ஃபிரான்ஜுவும் ஒரு ஃபிலிம் கிளப் ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம், 1936-ல், அது சினிமாத்தேக் ஃபிரான்சேஸ் ஆனது. சினிமா வரலாற்றாசிரியர் ழான் மித்ரியும் கூட இருந்தார். ஆரம்ப முதலீடு, ஒரு சினிமா பத்திரிகை அதிபர் கொடுத்த பணம். கையில் இருந்தவை ஏறக்குறைய 10 படங்கள். வைக்க இடமில்லாமல் வீட்டுக் குளியல் தொட்டியில் பெட்டிகளை அடுக்கிவைத்தார் என்பது அவரைப் பற்றிப் பிரபலமான கதை. அப்போது லாங்லுவாவுக்கு வயது 21.

1940-ல் ஜெர்மானியர்கள் பாரீஸைப் பிடித்தார்கள். பிரிட்டிஷ், அமெரிக்கப் படங்களுக்குத் தடை, பறிமுதல். லாங்லுவா பெட்டிகளைப் பல இடங்களில் பிரித்து ஒளித்துவைத்தார். தெற்கே ஃபிஜாக் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய கோட்டை மாளிகையில் ஒரு பகுதி இருந்தது. அங்கே அதைப் பார்த்துக்கொண்டவர், ஹிட்லருக்குப் பயந்து ஜெர்மனியை விட்டு வந்த யூத விமர்சகர் லாட்டே ஐஸ்னர். பிடிபட்டால் உயிர் போகும், அதனால் பொய்ப் பெயரில் வாழ்ந்துகொண்டு, குளிரில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து என்ன படம் என்று எழுதிவைத்தார். லாங்லுவா புராணத்தில் இவருக்குக் கிடைக்க வேண்டிய இடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதேபோல மேரி மீர்சன். லாங்லுவாவின் வாழ்க்கைத் துணை, கடைசி வரை சினிமாத்தேக்கைத் தாங்கிப் பிடித்தவர்.

போர் முடிந்த பிறகுதான் விஷயம் சூடுபிடித்தது. 1948-ல் மெஸ்சின் அவென்யூவில் ஒரு குட்டி அரங்கம் திறந்தார்கள். நம்ம ஊர் பிரிவியூ தியேட்டர் சைஸ்தான் இருக்கும். ட்ரூஃபோ, கோதார், ரிவெத், ரோமர் எல்லாரும் அங்கே முன்வரிசையில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். ஃபிலிம் ஸ்கூல் கிடையாது, இதுதான் அவர்களுக்கு ஸ்கூல். ஒரே மாலையில் மௌனப் படம் ஒன்று, ஹாலிவுட் படம் ஒன்று, சப்டைட்டில் இல்லாத ஜப்பானியப் படம் ஒன்று என்று கலந்துகட்டி ஓட்டுவார் லாங்லுவா. எந்தப் படத்தை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்பதிலேயே அவர் ரசனை பேசியது. மொழி புரியாமல் பார்த்ததால் ஷாட்டையும் வெளிச்சத்தையும் மட்டும் கவனிக்கப் பழகினார்கள் அந்தப் பசங்க. பத்து வருஷம் கழித்து அவர்கள் எடுத்த படங்களுக்குத்தான் நியூ வேவ் என்று பெயர்.

உலகம் மறந்தவர்களைத் தேடிப்பிடித்துத் திரும்பக் கொண்டுவருவதில் அவருக்குத் தனி ருசி. லூயி ஃபூயாடின் பழைய குற்றத் தொடர்ப்படங்களை வெறும் மசாலா என்று ஒதுக்கியிருந்த காலத்தில் அவற்றைத் திரையிட்டார். 1955-ல் சினிமாவின் 60 ஆண்டுகளுக்கு ஒரு கண்காட்சி வைத்தபோது, வாசலில் லூயிஸ் புரூக்ஸின் பெரிய படத்தை மாட்டினார். சினிமாவை விட்டு விலகி, அமெரிக்காவில் யாரும் கண்டுகொள்ளாமல் வாழ்ந்துகொண்டிருந்த நடிகை அவர். மூன்று வருஷத்தில் பாரீஸுக்கே அழைத்து விழா எடுத்தார். இன்று 'பண்டோராஸ் பாக்ஸ்' சினிமா ரசிகர்களின் லிஸ்ட்டில் தவறாமல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இவ்வளவு நல்லவரா என்றால், இங்கேதான் சிக்கல். லாங்லுவாவிடம் ஒழுங்கான கேட்டலாக் இல்லை. எது எங்கே இருக்கிறது என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. அந்தக் காலப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீருக்கும் அடங்காது. லண்டனில் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தை நடத்திய எர்னஸ்ட் லிண்ட்கிரென் இதற்கு நேர் எதிர். பாதுகாப்புப் பிரதி எடுக்காமல் மூலப் பிரிண்ட்டை புரொஜக்டரில் ஏற்றவே விடமாட்டார். லாங்லுவாவுக்கோ, ஓடாத படம் செத்த படம். கோயில் நகையை லாக்கரில் வைப்பதா, திருவிழாவுக்கு சாமிக்குப் போடுவதா என்பது போன்ற சண்டை. இருவரிடமும் நியாயம் இருந்தது.

அதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1950-களின் இறுதியில் சினிமாத்தேக்கில் ஏற்பட்ட தீயில், எரிக் வான் ஸ்ட்ரோஹைமின் 'தி ஹனிமூன்' படத்தின் கடைசிப் பிரதியும் போனது. 'தி வெடிங் மார்ச்' படத்தின் இரண்டாம் பாகம் அது. லாங்லுவா வைத்திருந்ததால்தான் அதுவரை பிழைத்தது, அவர் வைத்திருந்த இடத்தில்தான் அழிந்தது. ரசிகர்கள் இன்னும் இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புகிறார்கள்.

அரசு பணம் கொடுத்தது, கணக்கு கேட்டது. கணக்குக்கும் லாங்லுவாவுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. 1968 பிப்ரவரி 9-ம் தேதி, கலாசார அமைச்சர் ஆந்த்ரே மல்ரோவின் ஆட்கள் அவரைத் தூக்கிவிட்டு வேறொருவரை நியமித்தார்கள். அரசு எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. சாப்ளின், ஹிட்ச்காக், ஃபெலினி, குரோசாவா, வெல்ஸ் என்று உலகம் முழுக்க இருந்து தந்திகள் குவிந்தன. லாங்லுவா இல்லாத சினிமாத்தேக்கில் எங்கள் படம் ஓடக் கூடாது என்றார்கள் இயக்குநர்கள். பிப்ரவரி 14 அன்று சுமார் 3,000 பேர் திரண்டார்கள். போலீஸ் லத்தியைச் சுழற்றியது. கோதார், ட்ரூஃபோவுக்கும் அடி விழுந்தது. ட்ரூஃபோ அப்போது 'ஸ்டோலன் கிஸ்ஸஸ்' படப்பிடிப்பில் இருந்தார். அந்தப் படமே மூடிக்கிடக்கும் சினிமாத்தேக் வாசலில்தான் தொடங்குகிறது. லாங்லுவாவின் சினிமாத்தேக்குக்குச் சமர்ப்பணமும் உண்டு.

ஏப்ரலில் அரசு இறங்கிவந்தது, லாங்லுவா திரும்பினார். அடுத்த மாதமே பாரீஸில் மாணவர் கிளர்ச்சி வெடித்தது. அதற்கான ஒத்திகை இந்தப் போராட்டம்தான் என்று எழுதுபவர்கள் உண்டு. கொஞ்சம் மிகைதான், ஆனால் தெருவுக்கு வந்த முகங்களில் சில இரண்டிலும் இருந்தன.

ஜெயித்தார், ஆனால் அரசு நிதியைச் சுருக்கிவிட்டது. காசுக்காக மான்ட்ரியாலுக்குப் பறந்து பறந்து சினிமா வகுப்பு எடுத்தார். 1972-ல் பாரீஸின் ஷையோ மாளிகையில் தன் கனவு அருங்காட்சியகத்தைத் திறந்தார். 'சைக்கோ' படத்தில் வரும் அம்மாவின் தலைகூட அங்கே இருந்தது, ஹிட்ச்காக் கொடுத்தது. 1974-ல் கௌரவ ஆஸ்கர். ஒரு ஆள் துணியில்லாமல் மேடையில் ஓடிய அதே விழா என்பதால், அந்த வருஷம் பலருக்கும் நினைவிருப்பது அவர்தான்!

1977 ஜனவரி 13 அன்று, 62 வயதில் பாரீஸில் இறந்தார். அப்போது சேகரிப்பில் 60,000-க்கும் மேற்பட்ட படங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். கேட்டலாக் இல்லாத இடத்தில் எண்ணிக்கையை எப்படி நம்புவது என்று கேட்டால் பதில் கிடையாது.

சினிமாத்தேக் 2005 முதல் பெர்சி பகுதியில், கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்த கட்டிடத்தில் இயங்குகிறது. 2020 கொரோனா ஊரடங்கில் அரங்கத்தை மூட வேண்டி வந்தபோது, தன் சேகரிப்பில் உள்ள அரிய படங்களை இணையத்தில் இலவசமாகத் தர ஆரம்பித்தார்கள். அந்தத் தளத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஆன்ரி. சில படங்களுக்கு சப்டைட்டில் இருக்காது.